“யாருக்கு?” என்று முதலில் கேள், மகளே!



ஒரு காலத்தில் நம் குழுக்களில் ஆடு வாங்க, மாடு வாங்க என்றுதான் கடன் கேட்போம். பிறகு பிள்ளைகளின் படிப்புக்குக் கேட்கத் தொடங்கினோம். அந்தப் பிள்ளைகள் இன்று படிப்பை முடித்து, இன்டர்வியூ நடக்கிற அறையின் வாசலில் நிற்கிறார்கள். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. “அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்” என்று ஒதுங்கி விடுகிறோம். ஆனால் அங்கே கேட்கிற ஒரு வகைக் கேள்விக்கு நம்மாலும் சொல்லிக்கொடுக்க முடியும். எப்படி என்று பார்ப்போமா?

போன மாதக் கூட்டத்தில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். வயர் கூடை பின்னி விற்பவர். சேமிப்பைக் கட்டினார், தவணையையும் கட்டினார், பேச்சே இல்லை. “என்னக்கா?” என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அவர் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அந்த வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போன பெண். கடைசி வருஷக் கட்டணத்துக்கு நம் குழுவில்தான் கடன் வாங்கியிருந்தார்கள். கல்லூரிக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். எழுத்துத் தேர்வில் தேறினாள். நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டார்கள்:

“வயதானவர்களுக்கு ஒரு செல்போன் வடிவமைக்கச் சொன்னால் எப்படிச் செய்வீர்கள்?”

பெண் கெட்டிக்காரி. தெரிந்ததையெல்லாம் மளமளவென்று சொன்னாள். பெரிய திரை, கைரேகைப் பூட்டு, இருக்கும் இடம் காட்டும் வசதி, ரத்த அழுத்தம் பார்க்கும் வசதி என்று அடுக்கினாள். கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், “நீங்கள் சொல்கிற பெரியவர் யார்? எங்கே இருக்கிறார்? அவருக்கு இப்போது என்ன கஷ்டம்?” என்று கேட்டார். பெண்ணிடம் பதில் இல்லை. வேலையும் கிடைக்கவில்லை. “பாடத்திலேயே இல்லாத கேள்விம்மா அது” என்று வீட்டில் வந்து அழுதாளாம்.

பாடத்தில் இல்லைதான். ஆனால் நம் வாசல் திண்ணையில் இருக்கிறது.

எதற்காக இப்படிக் கேட்கிறார்கள்?

இதற்குப் பெயர் பொருள் வடிவமைப்புக் கேள்வி. ‘புராடக்ட் டிசைன்’ கேள்வி என்று பிள்ளைகள் சொல்வார்கள். சாமான்கள் செய்யும் கம்பெனியிலும் கேட்கலாம், செல்போன் செயலிகள் செய்யும் கம்பெனியிலும் கேட்கலாம். “கண் தெரியாதவருக்கு ஒரு அலாரம் கடிகாரம் செய்யுங்கள்”, “சின்னப் பிள்ளைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் செய்யுங்கள்” என்று எப்படியும் வரும்.

இதற்கு ஒரே சரியான விடை என்று எதுவும் கிடையாது. அரை மணி நேரத்தில் யாராலும் ஒரு போனைச் செய்துவிட முடியாது என்பது கேட்பவருக்கும் தெரியும். அவர் பார்ப்பது விடையை இல்லை, யோசிக்கிற விதத்தை. ஒரு பொருளைச் செய்யுமுன் அதைப் பயன்படுத்துகிறவரை இந்தப் பெண் நினைத்துப் பார்க்கிறாளா? பல கஷ்டங்களில் முக்கியமானது எது என்று பிரிக்கத் தெரிகிறதா? ஒன்று வேண்டும் என்றால் இன்னொன்றை விட வேண்டும் என்பது புரிகிறதா? இவ்வளவுதான்.

கூடைக்காரம்மா கேட்கும் கேள்விகள்

அன்று கூட்டத்தில் நான் அந்த அக்காவிடம் கேட்டேன்: “ஒருத்தர் வந்து, எனக்கு ஒரு கூடை பின்னிக் குடுங்கன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“என்ன செய்யறது? யாருக்கு, எதுக்குன்னு கேப்பேன். பள்ளிக்கூடப் பிள்ளை சோறு கொண்டுபோறதுக்கா, சந்தைக்கா, கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோறதுக்கா? டிபன் கேரியர் வைக்கணும்னா அடி அகலமா வேணும். சந்தைன்னா கைப்பிடி கெட்டியா இருக்கணும், இல்லைன்னா கை அறுக்கும். எவ்வளவு ரூபாய்க்குள்ளன்னும் கேக்கணுமில்ல? அதைப் பொறுத்துத்தான் வயர் எத்தனை கட்டுன்னு சொல்லலாம்.”

“கேக்காமலே பின்ன ஆரம்பிச்சா?”

“வயர் தண்டம்.”

பார்த்தீர்களா? மகள் தோற்ற கேள்விக்கு அம்மாவின் வாயில் விடை இருக்கிறது. யாருக்கு, எதற்கு, எங்கே, எவ்வளவுக்குள் என்பதுதான் அந்த நேர்காணலின் முதல் படி. மகள் கேட்காமலே பின்ன ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவுதான் தப்பு.

அடிபம்பு சொல்லும் பாடம்

இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கேட்காமல் செய்ததால் ஊர் ஊராகத் தண்ணீர் நின்ற கதை நம் நாட்டில் உண்டு.

1960-களில் வறட்சி வந்தபோது பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு போட்டு, வார்ப்பிரும்பு அடிபம்புகளை வைத்தார்கள். அந்த வகைப் பம்பு வெளிநாட்டில் ஒரு பண்ணை வீட்டு முற்றத்துக்கு என்று செய்யப்பட்டது. ஒரு குடும்பம் நாளைக்குச் சில வாளி அடிக்கும். நம் ஊரில் என்ன நடக்கும்? விடிகாலை முதல் இருட்டும்வரை ஊர்ப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று அடிப்போம். பம்பு எப்படித் தாங்கும்? கைப்பிடி ஆடியது, ஆணி தேய்ந்தது, உடைந்தது. பம்பு இருந்தும் தண்ணீர் இல்லை. பெண்கள் மறுபடியும் பழைய கிணற்றுக்கே குடம் தூக்கினார்கள்.

பிறகு 1970-களில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெப் உதவியோடு ‘இந்தியா மார்க் 2’ என்ற பம்பைச் செய்தார்கள். நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அதை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். ஊரே நாள் முழுக்க அடித்தாலும் தாங்குகிற மாதிரி இரும்பு உடம்பு, கைப்பிடிக்கு பேரிங், உள்கம்பியோடு கைப்பிடியை இணைக்க சங்கிலி என்று மாற்றினார்கள். நம் ஊர்களில் இன்றும் நிற்கிற அடிபம்புகள் பல இந்த இனம்தான்.

அதோடு நிற்கவில்லை. பழுதானால் என்ன செய்வது? மார்க் 2 பம்பில் உள்ளே உள்ள வாஷரை மாற்ற வேண்டும் என்றால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். வண்டி வேண்டும், நாலு ஆள் வேண்டும். அதனால் ‘மார்க் 3’ வந்தது. குழாயைக் கொஞ்சம் அகலமாக்கி, குழாயைத் தூக்காமலே உள்ளே இருக்கும் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கிற மாதிரி செய்தார்கள். கொஞ்சம் பயிற்சி இருந்தால் ஊர்ப் பெண்களே பழுது பார்க்கலாம்.

“யார் அடிக்கிறார்கள், எவ்வளவு நேரம் அடிக்கிறார்கள், கெட்டால் யார் சரி செய்வார்கள்?” இந்த மூன்று கேள்வியில் பம்பே மாறிப்போனது. நேர்காணலில் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதும் இந்தக் கேள்விகளைத்தான்.

ஏழு படிகள்

இனி, உங்கள் மகளிடமோ மகனிடமோ சொல்லிக்கொடுக்க ஏழு படிகள். அதே செல்போன் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். அந்த அக்கா வீட்டில் அப்பத்தா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தோம்.

1. உடனே பதில் சொல்லாதே. ‘ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளலாமா?’ என்று கேட்கலாம், தப்பே இல்லை. பிறகு கேள்வியைத் தெளிவு செய்ய வேண்டும். “போனையே புதிதாகச் செய்ய வேண்டுமா, இருக்கிற போனில் மாற்றம் செய்தால் போதுமா? விலை வரம்பு உண்டா?” என்று இரண்டு மூன்று கேள்வி போதும். “உங்கள் விருப்பம்” என்று அவர் சொல்லிவிட்டால், தானே ஒன்றை முடிவு செய்து அதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

2. ஆளைப் பிரித்துச் சொல். ‘வயதானவர்’ என்றால் ஒரே மாதிரியா? பென்ஷன் வாங்கும் டவுன் வாத்தியார் ஒருவர். காட்டு வேலைக்குப் போகும் பாட்டி ஒருவர். படுக்கையில் இருப்பவர் ஒருவர். மூன்று பேரையும் சொல்லி, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்றும் சொல்ல வேண்டும். “எழுதப் படிக்கத் தெரியாத, கிராமத்தில் பகலில் தனியாக இருக்கும் பாட்டியை எடுத்துக்கொள்கிறேன். இப்போதுள்ள போன்களால் அவருக்குத்தான் உதவி குறைவு” என்று சொல்லலாம்.

3. அவருடைய ஒரு நாளை நினைத்துப் பார். இங்கேதான் அப்பத்தா வாய் திறந்தார். “எனக்குப் போன் வந்தா எடுக்கத் தெரியும் கண்ணு. நானாப் போடத் தெரியாது. உங்க அப்பன் நம்பர் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரணும்.” அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சார்ஜர் முனை சின்னதாக இருக்கிறது, இருட்டில் சொருக முடியவில்லை. சுருக்குப் பையில் வைத்தால் பொத்தான் தானாக அழுந்துகிறது. இடது காதில் கேட்கவில்லை. மகள் இதையெல்லாம் நோட்டில் எழுதினாள். நாலு கஷ்டம்! நேர்காணலில் அவள் அடுக்கிய வசதிகளில் ஒன்றுகூட இந்த நாலையும் தொடவில்லை.

4. ஒரு கஷ்டத்தைத் தேர்ந்தெடு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தீர்க்கக் கிளம்பக் கூடாது. எது அடிக்கடி வருகிறது, எது வந்தால் ஆபத்து அதிகம் என்று பார்க்க வேண்டும். சார்ஜர் தொல்லை தினம் வரும், ஆனால் யாராவது வந்து போட்டுவிடலாம். பாட்டி கீழே விழுந்து, யாரையும் கூப்பிட முடியாமல் கிடந்தால்? அதனால், ‘தானாகப் போன் போட முடியவில்லை’ என்பதை எடுத்துக்கொண்டோம்.

5. ஒன்றுக்கு மூன்று வழி சொல். முதல் வழி: மூன்று பெரிய பொத்தான், ஒவ்வொன்றிலும் மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் படம். இரண்டாவது: பெயரைச் சொன்னால் போனே கூப்பிடுவது. மூன்றாவது: ஒரே சிவப்புப் பொத்தான், அழுத்தினால் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போகும்.

6. ஒன்றைத் தேர்ந்தெடு, எதை விட்டாய் என்றும் சொல். பெயர் சொல்லிக் கூப்பிடுவது நல்லதுதான். ஆனால் பாட்டியின் பேச்சு வழக்கைப் போன் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், தெருவில் சத்தம் இருக்கக் கூடாது. சிவப்புப் பொத்தான் ஆபத்துக்கு நல்லது. ஆனால் சும்மா மகளிடம் நாலு வார்த்தை பேச அது சரிப்படாது. படப் பொத்தான் இரண்டுக்கும் உதவும், விலையும் ஏறாது. “ஆனால் மூன்று பேருக்கு மேல் கூப்பிட முடியாது. இந்தக் குறையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறேன்” என்று சொல்ல வேண்டும். குறையைத் தானே சொல்கிற பிள்ளை மேல் மரியாதைதான் வரும்.

7. நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்? இதைப் பல பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். “பத்துப் பாட்டிகளிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பேன். யார் உதவியும் இல்லாமல் தாங்களாக எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எத்தனை தடவை தப்பாகப் போனது என்று எண்ணுவேன். தப்பு அதிகமாக இருந்தால் பொத்தானை மாற்றுவேன்” என்று முடிக்கலாம். முதல் கூடையை விற்றபின் “கைப்பிடி எப்படி இருக்கு?” என்று நாம் கேட்பதில்லையா? அதேதான்.

பின்விளைவையும் சொல்லத் தெரிய வேண்டும்

ஆறாவது படியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஷாம்பூ பாக்கெட்டை எல்லோருக்கும் தெரியும். ஷாம்பூ ஒரு காலத்தில் பாட்டிலில் மட்டும்தான் வந்தது. தினக்கூலி வாங்குகிறவர் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகக் காசு போட முடியுமா? கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், சாமானைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றால் ஏழைகளும் வாங்குவார்கள் என்று யோசித்த முன்னோடி. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பாக்கெட்டில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். ஷாம்பூ அதேதான், அளவும் விலையும்தான் மாறியது. வாங்குகிறவர் கையில் தினமும் எவ்வளவு காசு புரள்கிறது என்று பார்த்ததால் வந்த யோசனை அது.

ஆனால் அந்தக் காலிப் பாக்கெட்டுகள் இன்று எங்கே கிடக்கின்றன? நம் வாய்க்காலிலும் குளக்கரையிலும்தான். ஒரு கஷ்டம் தீர்ந்தது, இன்னொன்று பிறந்தது. “நான் சொல்கிற பொருளால் இப்படி ஒரு கெடுதல் வரலாம், அதைக் குறைக்க இதைச் செய்வேன்” என்று ஒரு வரி சேர்த்தால் பதிலுக்கு எடை கூடும்.

இங்கிலீஷ் பயம்

“எல்லாம் சரி, அங்கே இங்கிலீஷில் அல்லவா பேசணும்?” என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. யோசிப்பது தமிழில் இருக்கட்டும். ஏழு படியையும் ஒரு தாளில் தமிழிலேயே எழுதிப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு படிக்கும் சின்னச் சின்னதாக இரண்டே வாக்கியம் இங்கிலீஷில் தயார் செய்யட்டும். நீளமான வாக்கியம் வேண்டாம். பேசும்போதே தாளில் கோடு போட்டுப் படம் காட்டலாமா என்று கேட்கலாம். படம் அழகாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதும்.

பிள்ளைகள் செய்யும் தப்புகள்

• கேள்வி முடியுமுன்பே பதிலை ஆரம்பிப்பது.
• ‘எல்லோருக்கும் பயன்படும்’ என்று சொல்வது. எல்லோருக்கும் என்று பின்னிய கூடை யாருக்கும் சரியாக இருக்காது.
• கேள்விப்பட்ட புது வசதிகளையெல்லாம் அடுக்குவது.
• கேட்பவர் மறுத்துச் சொன்னால் முகம் சுருங்குவது அல்லது சண்டை போடுவது. “நீங்கள் சொல்வதை நான் யோசிக்கவில்லை, அப்படியானால் இதை மாற்றிக்கொள்கிறேன்” என்று சொல்லலாம்.
• வெட்கப்பட்டுக்கொண்டு தன் ஊரை, தன் வீட்டை மறைப்பது. நம் வீட்டில் பார்த்ததுதான் நம் பிள்ளையின் பலம். பம்பில் தண்ணீர் அடித்தவளுக்குப் பம்பைப் பற்றிச் சொல்ல என்ன கூச்சம்?

வீட்டில் எப்படிப் பழக்குவது?

இதற்குச் செலவே இல்லை. வாரம் இரண்டு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். அம்மா கேள்வி கேட்க வேண்டும், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். நமக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம். பிள்ளை எதைச் சொன்னாலும் “யாருக்கு?”, “ஏன்?”, “எவ்வளவு ஆகும்?”, “கெட்டுப்போனா?” என்று திருப்பிக் கேட்டால் போதும். நமக்குக் கேட்கத் தெரியாதா என்ன! பழக்கத்துக்குச் சில கேள்விகள்:

• ஒரு கையால் மட்டும் வேலை செய்ய முடிந்தவருக்கு ஒரு காய் நறுக்கும் சாமான்
• பூ கட்டி விற்கும் பெண்ணுக்கு, பூ வாடாமல் வைக்க ஒரு பெட்டி
• அரசின் ஊரக வேலைக்குப் போகும் தாய்மாருக்கு, வெயிலில் தண்ணீர் சூடாகாத ஒரு பாத்திரம்
• குழுக் கணக்கை எழுதத் தெரியாத உறுப்பினரும் பார்த்துப் புரிந்துகொள்ளும் ஒரு பாஸ் புத்தகம்

கடைசிக் கேள்வியை நம் குழுக் கூட்டத்திலேயே பேசிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் பயன்படும். கண்காட்சியில் கடை போடும்போது ‘இது யாருக்காகச் செய்தது?’ என்று வாங்க வருகிறவர் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? போன வாரம் இன்னொரு கம்பெனிக்குப் போய்வந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு புத்தகப் பை செய்யச் சொன்னார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அம்மாவிடம் வந்து அவள் சொன்னது இது:

“அம்மா, இந்தத் தடவை நான்தான் முதல்ல கேள்வி கேட்டேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகுதா, வேன்ல போகுதான்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, ‘நல்ல கேள்வி, நீங்களே சொல்லுங்க’ன்னாங்க. நான் நம்ம ஊர்ப் பிள்ளையைச் சொன்னேன்.”

அம்மா கூடை பின்னுவதை நிறுத்தவில்லை. “சரி, கைப்பிடி எப்படி வைக்கச் சொன்னே?” என்று கேட்டாராம்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவிலும் இதைப் பேசுங்கள், தோழிகளே. வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.